கடன் வேண்டாம் என்ற துணியும் அக்காவின் நீச்சல் உடுப்பும்

எங்கள் சின்ன நகரத்துத் தமிழர்களுக்குள் ஒரு செய்தி பரவ வேண்டுமென்றால், அதை என்னிடம் வந்து "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்று சொன்னால் போதும். பொழுதுபடுவதற்குள் பக்கத்துப் பெருநகரமான பீலெஃபெல்ட் வரை போய்விடும். ரயிலில் போனால் அரை மணித்தியாலம் பிடிக்கும். என் வாயால் போனால் அவ்வளவு பிடிக்காது. இது என் மனைவியின் கருத்து. மறுத்துப் பார்த்திருக்கிறேன். மறுப்பதற்கும் வாயைத் திறக்க வேண்டியிருந்ததால் தோற்றுப்போனேன்.

அப்படிப்பட்ட என்னிடம்தான் அக்கா ஒரு ரகசியத்தைத் தந்து வைத்தார்.

அக்காவும் அவர் கணவரான அண்ணையும் எனக்குச் சொந்தமில்லை. எங்களுக்கு மேல்மாடியில் இருந்தவர்கள். ஒரே படிக்கட்டு, ஒரே தபால்பெட்டி வரிசை, கறி வாசத்துக்கு ஒரே கட்டடக் காவலாளியிடம் ஏச்சு. ஜெர்மனியில் சொந்தம் என்று சொல்ல இது போதும். அண்ணை குசினி அலுமாரிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். பிள்ளைகள் இல்லை. யாழ்ப்பாணத்தில் விட்டுவந்தவற்றைப் பற்றி இருவரும் அதிகம் கதைப்பதில்லை. அந்தக் குறையையும் சேர்த்து நான் கதைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்கு மூட்டுவாதம். கைவிரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்க்கத் தொடங்கியிருந்தன. தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத்தான் தூக்குவார். மருந்து, ஊசி, எண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று. வேலை செய்தது ஒன்றே ஒன்று: வெந்நீர். எங்கள் நகரசபைக்கு ஒரு பழைய நீச்சல் மண்டபம் இருந்தது. அதில் பிள்ளைகளுக்கு நீந்தப் பழக்கும் சின்னத் தொட்டியை வியாழக்கிழமைப் பின்னேரங்களில் நன்றாகச் சூடாக்கி, பெண்களுக்கு மட்டும் விடுவார்கள். அண்ணைக்கு அந்த நேரம் வேலை. எனக்கு வியாழன் ஓய்வு. ஒரு பழைய காரும் இருந்தது. ஆகவே சாரதி நான்.

முதல் நாள் அக்கா வீட்டில் போடுகிற ஒரு பழைய சோட்டியோடு தண்ணீரில் இறங்கப் போனார். உள்ளே விசில் ஊதிய சத்தம் வெளியே வாசலில் இருந்த எனக்குக் கேட்டது. யாரோ மூழ்கிவிட்டார்கள் என்று நினைத்து எழும்பி ஓடினேன். பெண்கள் நேரத்தில் ஒரு மீசைக்காரன் கதவைத் தள்ளிக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. இரண்டாவது விசில் எனக்கு.

பிறகு என் மனைவி தபாலில் சாமான் அனுப்பும் கடையின் புத்தகத்தில் பார்த்து ஒரு நீச்சல் உடுப்பு எடுப்பித்தாள். கடும் நீலம், சின்னச் சின்ன வெள்ளைப் பூ, முழங்கால் வரை நீளம், அரைக் கை. அண்ணை அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இதென்ன, நேவிக்காரன்ரை உடுப்பு மாதிரிக் கிடக்கு!"

"நேவியைக் கண்டா உங்களுக்கு ஓடித்தானே பழக்கம்," என்றார் அக்கா. "அங்காலை தள்ளி நில்லுங்கோ."

வியாழக்கிழமைகளில் நான் வாசலில் ஒருத்தி வைத்திருந்த சின்னக் கடையில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கித் தின்றுகொண்டு காத்திருப்பேன். அக்காவுக்கு மூட்டு இளகியது, எனக்கு இடுப்பு பெருத்தது. அவர் வெளியே வரும்போது முகம் சிவந்து, தலைமயிர் ஈரமாக, ஒரு பின்னல் முன்னால் விழுந்திருக்கும். அந்தப் பின்னலைத்தான் நான் பார்ப்பேன். அதை அவரே பின்னியிருப்பார். வெந்நீரிலிருந்து வந்த விரல்கள் இரண்டு நாளுக்கு அவர் சொல் கேட்கும். சனிக்கிழமைக்குப் பிறகு மெல்ல மெல்ல இறுகும். திங்கட்கிழமை அண்ணைதான் பின்னிவிடுவார். அலுமாரிக் கதவை மயிரளவு பிசகாமல் பூட்டுகிற அந்த மனிதருக்கு மயிர் மட்டும் வசப்படவில்லை. ஆடு கட்டுகிற கயிறு மாதிரித் திரித்துவிடுவார். படிக்கட்டில் அக்கா இறங்கி வரும்போது தலையைப் பார்த்தே கிழமை என்னவென்று சொல்லிவிடலாம்.

இப்போது அந்த ஜெர்மன் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தெரு மூலையில், வேலியை அளவுகோல் வைத்து வெட்டிய வீட்டில் இருந்தார். ஓய்வுபெற்ற வரி ஆலோசகர். அண்ணையும் அக்காவும் குடியுரிமைக்கு விண்ணப்பித்து அலுவலகம் அலுவலகமாக அலைந்த காலத்தில், யாரும் கேட்காமலே தன் கோட்டை மாட்டிக்கொண்டு அவர்களோடு கூடப் போனவர். கடைசி நாள் அக்காவின் கைவிரல்களைப் பார்த்துவிட்டு, கையெழுத்து வைக்கும்போது கடதாசி நகராமல் தன் உள்ளங்கையால் பிடித்துக்கொண்டு நின்றவர். அதற்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் அவருக்கு அக்கா வீட்டில் சாப்பாடு. கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த எங்கள் ரோல்ஸ் என்றால் உயிர். எங்கள் உறைப்புக்குக் கண்ணீர் ஓட ஓட, "அருமை, அருமை" என்று சாப்பிடுவார்.

ஜெர்மனியில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடந்து முடிந்து ஒரு வருடம் இருக்கும். வீட்டுக்கு வீடு தொங்கிய கொடிகளைச் சனம் கழற்றி மடித்துவிட்டிருந்தது. ஒரு ஞாயிறு பின்னேரம் ஐயா கையில் ஒரு மட்டையோடு வந்தார். மட்டையில் கடதாசி, கடதாசியில் கையெழுத்துகள். என்னை மேலே கூப்பிட்டார்கள், மொழிபெயர்க்க. அண்ணையின் ஜெர்மன் தொழிற்சாலை ஜெர்மன். கதவு, பிணைச்சல், ஆணி பற்றி எதையும் கதைப்பார். நகரசபை நிதி என்றால் நான் வேண்டும். என் ஜெர்மனுக்கு இலக்கணம் இல்லை என்பார்கள், ஆனால் வேகம் இருந்தது.

விசயம் இதுதான். நகரசபை கடனில் மூழ்குகிறது. இனிமேல் ஊர்ச்சனத்தைக் கேட்காமல் நகரசபை புதிய கடன் எடுக்கவும் கூடாது, வீடு வளவுக்கான வரியைக் கூட்டவும் கூடாது. அப்படி ஒரு கட்டுப்பாடு போட வேண்டும் என்று ஐயாவும் அவருடைய கூட்டாளிகளும் கையெழுத்துச் சேர்த்தார்கள்.

"நாங்கள் இறந்துவிடுவோம்," என்றார் ஐயா. "கட்டப்போவது பேரப்பிள்ளைகள். அது நியாயமா?"

நான் மொழிபெயர்க்க முதலே அண்ணை தலையாட்டினார்.

"கடன் எண்டால் என்னெண்டு எனக்குச் சொல்லத் தேவையில்லை, தம்பி. இஞ்சை வந்து சேரப் பட்ட கடனைக் கட்டித்தானே என்ரை தலைமயிரே போனது. சரியான கதை எண்டு ஐயாவுக்குச் சொல்லு."

சொன்னேன். ஐயா பேனையை நீட்டினார். கோட்டுப் போட்ட ஜெர்மன்காரர் பேனையை நீட்டினால் கையெழுத்து வைப்பது என்பது அகதி முகாமிலேயே எங்கள் கைக்குப் பழகிப்போன ஒன்று. வாசித்து முடிக்கும் வரைக்கும் அவர்களைக் காக்க வைப்பது மரியாதையில்லை என்று நினைப்போம். அண்ணை வைத்தார். நானும் வைத்தேன். நல்ல பேனை.

ரோல்ஸ் முடிந்து தேத்தண்ணி வந்தபோது ஐயா தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார். அண்ணையின் பல்கனி ஸ்டேசன் வீதியைப் பார்த்து இருக்கிறது, ஒரு துணி கட்டலாமா? உதைபந்தாட்டக் கொடிக்கு அடித்த கொளுக்கி இன்னும் அங்கேயே இருந்தது. "ஓம், ஓம்," என்றார் அண்ணை. மறுநாள் பல்கனியில் அகலமாக ஒரு மஞ்சள் துணி தொங்கியது. 'புதிய கடன் வேண்டாம்' என்று ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தது. எங்கள் வீதி முழுக்க ஜெர்மன்காரர். துணி கட்டியது ஒரேயொரு தமிழ் வீடு. போகிற வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, இவர்களுக்கு என்ன வந்தது என்று முகத்தால் கேட்டுக்கொண்டு போனார்கள்.

வரி, வரவு செலவு போன்றவற்றை எங்கள் மாநிலத்தில் மக்கள் வாக்குக்கு விடச் சட்டம் இடம் தருவதில்லையாம். ஆனால் கையெழுத்து நிறையச் சேர்ந்துவிட்டது. நகரசபை, சட்டக் கட்டாயமில்லாத ஒரு கருத்துக் கேட்பாக வைக்கிறோம், சனம் என்ன சொல்கிறதோ அதன்படி நடப்போம் என்று அறிவித்தது. நாளும் குறித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் உள்ளூர்ப் பத்திரிகையில் அந்தச் செய்தி வந்தது. நீச்சல் மண்டபத்தின் கூரையும் கொதிகலனும் பழுதாகிவிட்டன. திருத்தக் கடன் எடுக்க நகரசபை யோசித்திருந்தது. ஊர் இந்தக் கட்டுப்பாட்டுக்கு 'ஓம்' என்று வாக்களித்தால் அந்தக் கடன் இல்லை; அதற்கென்று இன்னொரு வாக்கெடுப்பு வைக்க நேரமில்லை, மண்டபத்தை மூடுவார்கள்.

பத்திரிகையோடு மேலே ஓடினேன். அண்ணை வேலை முடிந்து வந்திருந்தார்; அக்கா மேசைக்கு முன்னால் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை, உரிக்க முடிந்த நாள். நான் வாசித்து முடித்தபோது அக்கா அடுத்த வெங்காயத்தை எடுத்திருந்தார்.

"துணியைக் கழட்டுவம், அண்ணை," என்றேன். "நான் ஐயாவுக்குச் சொல்லுறன்."

அண்ணை என்னைப் பார்க்கவில்லை. "என்னெண்டடா கழட்டுறது? அந்த மனிசன் இந்த மேசையிலை இருந்து சாப்பிட்டவர். ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"அவருக்கு விசயம் தெரியாது, அண்ணை. சொன்னா விளங்கும்."

"என்னத்தைச் சொல்லுறது? என்ரை மனிசிக்குச் சுடுதண்ணி வேணும், அதுக்காக ஊர் கடன்படோணும் எண்டோ? எங்களுக்காகக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நிண்ட மனிசனிட்டை?"

"அக்கா, நீங்கள் சொல்லுங்கோவன்."

அக்கா கத்தியை வைத்தார். "துணி தன்ரை பாட்டிலை கிடக்கட்டும், தம்பி. காத்துக்கு ஆடுறது, எங்களை என்ன செய்யுது?"

இப்படியொரு பிழையை எங்கள் ஆட்களால்தான் விட முடியும். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் தீர்கிற விசயத்தை, வீட்டில் சாப்பிட்ட மனிதரின் முகம் வாடக்கூடாது என்று விழுங்கிவிடுவது. அண்ணை அந்தத் துணியை ஒரு துணியாகப் பார்க்கவில்லை. கொடுத்த வாக்கு அங்கே கொளுக்கியில் தொங்கியது.

ஆனால் அடுத்த வியாழன் மாலை வீதியிலிருந்து அண்ணாந்து பார்த்தேன். அக்காவின் நீச்சல் உடுப்பு பல்கனிக் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது. அது கம்பிக்கு வெளியே வழிந்து, மஞ்சள் துணிக்கு மேல் விழுந்திருந்தது. 'வேண்டாம்' என்ற சொல் மட்டும் தெரிந்தது. எது வேண்டாம் என்பது நீலத்துக்கும் வெள்ளைப் பூவுக்கும் பின்னால். அதற்கடுத்த வியாழனும் அப்படியே. வேண்டுமென்று செய்தாரா, காற்றின் வேலையா என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட விசயங்கள் என் வாழ்க்கையில் மிகக் குறைவு, இது ஒன்று.

நான் சும்மா இருக்கவில்லை. பாடசாலை மண்டபத்தில் நகரசபை ஒரு கூட்டம் வைத்தது. யாரும் எழும்பிக் கதைக்கலாம். குளியலறைக் கண்ணாடிக்கு முன் நின்று பாடமாக்கிக்கொண்டு போனேன். "எனக்கு ஒரு பக்கத்து வீட்டுப் பெண் இருக்கிறார், அவரால் வியாழக்கிழமைகளில் மட்டும் தன் தலையைப் பின்ன முடியும்" என்று தொடங்குவது திட்டம். என் பெயர் கூப்பிடப்பட்டு ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நிமிர்ந்தால், முதல் வரிசையில் ஐயா. அவருக்குப் பக்கத்துக் கதிரையில், கலியாண வீட்டுக்குப் போடுகிற கோட்டோடு, அண்ணை. ஐயா தனக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருக்கிறார். அண்ணை என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். இடம் வலமாக.

பாடமாக்கியது எல்லாம் பறந்தது. "எனக்கு ஒரு பக்கத்து வீட்டு..." என்று தொடங்கி நின்றுவிட்டேன். மண்டபம் காத்துக்கொண்டிருந்தது. எதையாவது சொல்ல வேண்டும். அந்த நீச்சல் மண்டபத்து உருளைக்கிழங்குப் பொரியல் இந்த வட்டாரத்திலேயே சிறந்தது, அதை மூடினால் நான் எங்கே போவேன் என்று சொன்னேன். என் வயிற்றையும் ஆதாரமாகத் தட்டிக் காட்டினேன். மண்டபமே சிரித்தது. கைதட்டினார்கள். ஐயாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மறுநாள் பத்திரிகையில் பொரியலுக்காகக் குரல் கொடுத்த குடிமகன் என்று படத்தோடு போட்டிருந்தார்கள். மனைவி அதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தாள். வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா மட்டும் படத்தைப் பார்த்துவிட்டு, "பாவம், வேர்த்திருக்கு," என்றார்.

வாக்களிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. குடியுரிமை எடுத்த பிறகு அவர்கள் இருவருக்கும் முதல் வாக்கு. அண்ணை மறுபடியும் கோட்டுப் போட்டார். அக்கா பட்டுச் சேலை. ஞாயிறு என்பதால் விரல்கள் இறுகத் தொடங்கியிருந்தன. பின்னல் பாதியில் கழன்றிருந்தது.

"இஞ்சையும் விரலிலை மை பூசுவினமோ?" என்று அண்ணை வழியில் கேட்டார்.

"பூசமாட்டினம், அண்ணை."

"பிறகு என்னெண்டு நம்புவினம்?"

"ஜெர்மன்காரன் எங்களை நம்புறான் எண்டு நினையுங்கோவன், ஒரு நாளைக்காவது."

பாடசாலை வகுப்பறை. சின்னக் கதிரைகள். அண்ணை முதலில் மறைப்புக்குள் போனார். நேரமாகியும் வரவில்லை. ஒரு வட்டத்துக்குள் பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போட இவ்வளவு நேரமா என்று அதிகாரி கழுத்தை நீட்டிப் பார்த்தார். பிறகு மடித்த கடதாசியோடு வந்து, பெட்டிக்குள் போட்டுவிட்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல் வெளியே போய் நின்றார்.

அக்காவால் பேனை பிடிக்க முடியாது. உதவிக்கு ஒருவரை உள்ளே கூட்டிப் போகலாம் என்று அதிகாரி சொன்னார். வெளியே நின்ற அண்ணையைக் கூப்பிடத் திரும்பினேன். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"நீ வா."

கூட வருபவர் கண்டதை வெளியே சொல்லக்கூடாது என்று அதிகாரி எனக்குக் கண்டிப்பாகச் சொன்னார். என்னைத் தெரிந்தவர் யாராவது அங்கே இருந்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

மறைப்புக்குள் அக்கா கடதாசியைப் பார்த்தார். "எது 'இல்லை'?"

"கீழை இருக்கிறது."

"அதிலை போடு. வடிவாப் போடு, வட்டத்துக்கு வெளியாலை போகாமல்."

போட்டேன். "அண்ணையையே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே, அக்கா," என்று மெதுவாகக் கேட்டேன்.

"அவர் பக்கத்திலை நிண்டால் நான் 'ஓம்' எண்டுதானே சொல்லோணும்?" கடதாசியை நான் மடித்தேன். "அந்தாளுக்குச் சொல்லிப்போடாதை. பேந்து ஐயாவுக்கு முகம் குடுக்க ஏலாமல் நிண்டு கஷ்டப்படும். உன்ரை வாயை நினைச்சாத்தான் எனக்குப் பயமாக் கிடக்கு."

"எனக்கும்தான், அக்கா."

வெளியே அண்ணை தன் சுட்டுவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். "மை இல்லாட்டி வோட்டுப் போட்ட மாதிரியே இல்லை," என்றார். "சரியோ?" என்று அக்காவைக் கேட்டார். "சரி," என்றார் அக்கா. அவ்வளவுதான். வீட்டுக்கு நடந்தோம்.

'ஓம்' வென்றது. எண்ணிப் பார்க்கத் தேவையில்லாத அளவுக்கு வென்றது. வரி வேண்டாமா, கடன் வேண்டாமா என்று கேட்டால் எந்த ஊர்தான் வேண்டும் என்று சொல்லும்? என்னையே வீதியில் மறித்துக் கேட்டிருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இரண்டொரு நாளில் ஐயா ஒரு பூங்கொத்தோடு நன்றி சொல்ல வந்தார். என்னையும் கூப்பிட்டார்கள். அக்கா கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துக் கொண்டுவந்தார்; வரும் வழியில் பாதி தட்டில் ஊற்றுண்டது. ஐயா எழும்பி ஓடிப்போய் வாங்கினார். அப்போதுதான் திறந்திருந்த பல்கனிக் கதவு வழியாக, வியாழக்கிழமை காயப்போட்டு இன்னும் எடுக்காத நீச்சல் உடுப்பைக் கண்டார்.

"உங்களுக்கு நீந்தத் தெரியுமா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

மொழிபெயர்க்க நான் திரும்பினேன். அக்கா தட்டில் ஊற்றுண்டதைத் துடைத்தார். கடைசியில் நானே பதில் சொன்னேன். வியாழக்கிழமை, வெந்நீர், விரல், பின்னல். பொரியல் கதை சொன்ன வாயால் அதைச் சொன்னேன். ஐயாவின் முகம் வெளிறிப்போனது.

"ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?" என்று அண்ணையைக் கேட்டார். "அது வெறும் துணி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே கழற்றியிருப்பேனே. நானே நகரசபைக்குப் போய், இந்த மண்டபத்தை விட்டுவிட்டு மற்றதைப் பற்றி மட்டும் ஊரைக் கேளுங்கள் என்று சொல்லியிருப்பேனே."

நான் மொழிபெயர்த்தேன். அண்ணைக்கு அது முதலிலேயே விளங்கியிருந்தது. மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தார்.

"சாப்பிடச் சொல்லு, தம்பி," என்றார் அக்கா. "ரோல்ஸ் ஆறுது."

ஐயா சாப்பிட்டார். அன்றைக்கும் கண்ணீர் ஓடியது. உறைப்பு என்று எல்லாரும் நினைத்துக்கொண்டோம்.

குளிர்காலத்துக்கு முன்னரே மண்டபத்தை மூடிவிட்டார்கள். கடைசி வியாழன் பொரியல்காரி எனக்குக் காசு வாங்காமல் ஒரு தட்டு நிறையத் தந்தாள். நான் பத்திரிகையில் வந்ததை அவள் மறக்கவில்லை. தின்ன முடியவில்லை. அக்கா வெளியே வரப் பிந்தியது. பின்னலை வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னியிருந்தார்.

பக்கத்து நகரத்தில் ஒரு வெந்நீர்க் குளம் இருந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். சில தரம் நான் ஏற்றிக்கொண்டு போனேன். பிறகு நான் வேலை செய்த இடத்தில் என் ஓய்வுநாளை மாற்றிவிட்டார்கள். ஐயா தன் காரில் கூட்டிப்போவதாக வந்து நின்றார். "ஓம், சரி," என்றார் அக்கா. ஒவ்வொரு வியாழனும் ஒரு காரணம் வந்தது: தடிமன் காய்ச்சல், விருந்தாளி, கோயில் பூசை. ஒரு வயதான மனிதரை வாசலில் காக்கவைத்துவிட்டு உள்ளே குளிக்க ஏலாது என்பதுதான் உண்மையான காரணம். அதை ஐயாவிடம் யாரும் சொல்லவில்லை. நாங்கள் திருந்துகிற ஆட்கள் இல்லை.

அண்ணை குளியல் தொட்டிக்கு ஒரு படி செய்தார். தொழிற்சாலையில் கழித்த பலகை. ஓரமெல்லாம் வழுவழுப்பாக இழைத்து, வழுக்காமல் இறப்பர் ஒட்டி, பார்த்தால் கடையில் விற்கிற பொருள் மாதிரி. வெந்நீர் நிரப்பி அக்காவை மெல்ல இறக்கினார். கதவுக்கு வெளியே நானும் மனைவியும் நின்றோம்.

"என்ன மாதிரி?" என்று அண்ணை கேட்டது கேட்டது.

"முழங்காலை உள்ளுக்கு விட்டால் தோள் வெளியிலை நிக்குது. தோளை உள்ளுக்கு விட்டால் முழங்கால் வெளியிலை."

"பாதி பாதியா ஊறுமன்."

"நான் என்ன கருவாடே, பாதி பாதியா ஊற?"

இருவரும் சிரித்தார்கள். நாங்களும் வெளியே சிரித்தோம். பிறகு உள்ளே குழாயைத் திறந்து மூடிய சத்தம் கேட்டது. தண்ணீர் ஆறிய பிறகுதான் கதவு திறந்தது.

மண்டபத்தை மூடியதால்தான் எல்லாம் நடந்தது என்று சொல்ல நான் டொக்டர் இல்லை. நோய் தன் பாட்டில் போயிருக்கும் என்று டொக்டரே சொன்னார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வியாழக்கிழமைப் பின்னலை அதற்குப் பிறகு நான் காணவில்லை. ஏழு நாளும் அண்ணையின் பின்னல். முதலில் ஆடு கட்டுகிற கயிறு. பிறகு கொஞ்சம் நேராயிற்று. பிறகு மூன்று கூறும் ஒரே அளவாக வந்தது. அக்கா நடப்பது குறைந்து, படிக்கட்டில் இறங்குவது நின்று, கடைசியில் கட்டிலோடு ஆனபோது, தலை மட்டும் கலியாணத்துக்குப் போகிற பெண்ணின் தலை மாதிரி இருக்கும். மஞ்சள் துணியை அண்ணை கழற்றி, குளிருக்குக் கறிவேப்பிலைச் சாடியைச் சுற்றிக் கட்டியிருந்தார், எழுத்து உள்ளே போகும்படி.

மாசி மாதத்தில் நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரிக்குப் போன அக்கா திரும்பி வரவில்லை.

பிரேதம் பொறுப்பெடுக்கும் இடத்தில், உடுத்திவிடுவதற்குப் பெண்கள் வந்திருந்தார்கள். என் மனைவியும் போனாள். கூறைச் சேலை கட்டி, பொட்டு வைத்து முடித்தபோது, தலைக்கு மட்டும் அண்ணை ஒருவரையும் கைவைக்க விடவில்லை. பெண்களை வெளியே போகச் சொன்னார். என்னை நிற்கச் சொன்னார். மயிர்க்கட்டுக்கு ஒரு கறுத்த இறப்பர் வளையத்தை என் கையில் தந்தார்.

ஐயா வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வரவில்லை.

அண்ணை சீப்பால் வாரி, மூன்றாகப் பிரித்தார். பின்னத் தொடங்கினார். கையைப் பார்க்காமலே பின்னினார். பாதி வந்தபோது கதைத்தார்.

"அண்டைக்கு வோட்டுப் போட்டனாங்கள், ஞாபகம் இருக்கோ?"

"ஓம், அண்ணை."

"நான் ஒண்டிலையும் புள்ளடி போடேல்லை. பேனையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். ஐயாவுக்கு 'ஓம்' எண்டு சொல்லிப்போட்டன். இவளின்ரை கையும் கண்ணுக்கு முன்னாலை நிக்குது. வெறும் கடதாசியை மடிச்சுப் போட்டிட்டு வந்திட்டன்." ஒரு சுற்றுப் பின்னினார். "இவளுக்குச் சொல்லேல்லை. இவள் பாவம், நான் சொன்ன சொல்லுக்காக 'ஓம்' எண்டு போட்டிருப்பாள். நீதானே உள்ளுக்குப் போனனி. அப்படித்தானே போட்டவள்?"

என் வாய்க்கு எப்போதும் ஏதாவது அகப்படும். அன்றைக்கும் அகப்பட்டது. "வெளியிலை சொல்லக்கூடாது எண்டு அதிகாரி சொன்னவர், அண்ணை," என்றேன்.

அண்ணையின் கை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த மூன்று நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"நீ? நீ எப்பயடா ஒரு ரகசியத்தை வைச்சிருந்தனி?"

நான் பதில் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் சொல்லாமல் நின்றேன் என்று தெரியாது. எனக்குப் பழக்கமில்லாத வேலை. சரியாகச் செய்யத் தெரியவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பு மெல்லக் கரைந்தது. குனிந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

மிச்சத்தையும் பின்னி முடித்தார். நுனியைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை என் பக்கம் நீட்டினார்.

"அந்த வளையத்தைத் தா," என்றார்.